அம்மாதான் லாக்கர்

சென்னைக்கு வெளியே இருக்கிற ஒரு பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போன வருடம் குடும்பத்தோடு போயிருந்தோம். நான், மனைவி, தங்கை, மாப்பிள்ளை, தங்கையின் பன்னிரண்டு வயதுப் பையன், அப்பா, அம்மா. ரோலர் கோஸ்டருக்கான வரிசை தொடங்கும் இடத்தில் ஒரு மஞ்சள் பலகை. கைபேசி, கேமரா, பர்ஸ், சாவி, மூக்குக்கண்ணாடி, தொப்பி, செருப்பு எதையும் எடுத்து வரக் கூடாது. தொலைந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல. லாக்கர் எங்கே என்று கேட்டோம். நுழைவாயிலில் இருக்கிறது, கட்டணம் உண்டு என்றார் ஊழியர். நுழைவாயில் பத்து நிமிட நடை. மே மாத வெயில். பலகையை முழுசாகப் படித்து முடிப்பதற்குள் எங்கள் எல்லோருடைய கைகளும் ஒரே பக்கம் நீண்டுவிட்டன. அம்மா பக்கம்.

ஆறு கைபேசிகள், மூன்று பர்ஸ், கார் சாவி, மாப்பிள்ளையின் வாட்ச், தங்கையின் வளையல், பையனின் தண்ணீர் பாட்டில், என் மூக்குக்கண்ணாடி. அம்மா ஒரு சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் மடியில் வாங்கிக்கொண்டார். எது யாருடையது என்று கேட்கவே இல்லை, அவருக்குத் தெரியும். அறுபத்தைந்து வயது அப்பா, முட்டி வலியையும் மறந்து எங்களோடு வரிசையில் நின்றுவிட்டார். “நீ வரலையாம்மா?” என்று தங்கை கேட்டாள். “நானும் வந்துட்டா இதையெல்லாம் யாருடி பாத்துக்கறது?”

அந்தப் பதிலில் பயம் இல்லை, வயது இல்லை, தலைசுற்றல் இல்லை. வேலைப் பங்கீடு மட்டும்தான் இருந்தது. இறங்கி வரும்போது சுற்றிலும் பார்த்தேன். எங்கள் அம்மா உட்கார்ந்திருந்த பெஞ்சு போல இன்னும் நான்கு பெஞ்சுகள் அங்கே இருந்தன. எல்லாவற்றிலும் யாரோ ஒருவரின் அம்மா, பாட்டி, அத்தை, கைக்குழந்தையோடு ஒரு அண்ணி. மடி நிறையப் பைகள். அவர்களும் முழு நுழைவுக் கட்டணம் கொடுத்து உள்ளே வந்தவர்கள்தான்.

இந்தக் கட்டுரை அந்த மஞ்சள் பலகைக்கு எதிரானது என்று நினைத்துவிட வேண்டாம். பலகையில் எழுதியிருந்த விதி சரி. முழுக்கச் சரி. என் சண்டை இரண்டு பேரோடு. ஒருவர், அந்த விதியை ஏமாற்றிக் கைபேசியை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறுகிறவர். இன்னொருவர், அந்த விதியை எழுதிவிட்டு அதன் செலவை என் அம்மாவின் மடியில் இறக்கி வைத்த பூங்கா நிர்வாகம். முதலாமவரை உருவாக்குவதே இரண்டாமவர்தான் என்பது என் கட்சி.

*

முதலாமவரை எனக்கு நன்றாகத் தெரியும். நான் இரண்டு வருடம் கலிஃபோர்னியாவின் சாண்டா கிளாராவில் வேலை பார்த்தபோது என்னோடு ஒரே அறையில் இருந்த நண்பன் அவன். வாரக் கடைசிகளில் பூங்கா பூங்காவாகச் சுற்றுவான். மார்பில் கட்டிக்கொள்ளும் சின்ன கேமரா ஒன்றை வாங்கி, சட்டைக்குள் மறைத்து எடுத்துப் போய், முதல் இறக்கம் வந்ததும் பட்டனைக் கழற்றுவான். அவன் வாதம் ஒரே வரி: “என் கேமரா, என் ரிஸ்க். விழுந்தா எனக்குத்தானே மச்சி நஷ்டம்?”

இது படித்தவர்கள் சொல்லும் வாதம். அதனால்தான் எனக்குக் கோபம். பிளஸ் டூ இயற்பியலை வைத்தே இதை உடைத்துவிடலாம்.

ஸ்பெயினில், பார்சிலோனாவுக்குத் தெற்கே போர்ட்அவென்ச்சுரா என்ற பூங்காவில் ஷம்பாலா என்று ஒரு கோஸ்டர் இருக்கிறது. 2012இல் திறந்தது. உயரம் 76 மீட்டர், உச்ச வேகம் மணிக்கு 134 கிலோமீட்டர். அந்த வேகத்தில் போகிற வண்டியிலிருந்து 200 கிராம் எடையுள்ள கைபேசி ஒன்று நழுவினால், நழுவும் கணத்தில் அதற்குள் ஏறக்குறைய 138 ஜூல் ஆற்றல் இருக்கும். ஜூல் என்றால் மனதில் ஒன்றும் தோன்றாது. இப்படிச் சொல்கிறேன்: கிரிக்கெட் பந்தின் எடை சுமார் 160 கிராம். வேகப்பந்து வீச்சாளர் ஒருவர் மணிக்கு 140 கிலோமீட்டரில் வீசினால் அதில் இருப்பது சுமார் 121 ஜூல். அதாவது உங்கள் கைபேசி, ஒரு நல்ல வேகப்பந்து வீச்சாளரின் பந்தைவிடக் கொஞ்சம் கூடுதலான ஆற்றலோடு கிளம்புகிறது. பந்தாவது உருண்டை. இதற்கு மூலைகள் உண்டு. எதிரே நிற்பவர் ஹெல்மெட் போட்டிருப்பதில்லை. பந்து வருவதே அவருக்குத் தெரியாது.

காற்று அதன் வேகத்தைக் குறைக்காதா என்று கேட்கலாம். குறைக்கும். ஆனால் காற்றில் வேகம் குறைந்து கிடக்கிற கைபேசியை நோக்கி, பின்னால் இருக்கும் வரிசையோ அடுத்த வளைவில் இன்னொரு வண்டியோ தன் முழு வேகத்தில் வரும். பொருள் முகத்தை நோக்கி வந்தாலும், முகம் பொருளை நோக்கிப் போனாலும் மோதலின் கணக்கு ஒன்றுதான். 1999 மார்ச்சில் வர்ஜீனியாவின் புஷ் கார்டன்ஸ் பூங்காவில் அப்பல்லோஸ் சாரியட் என்ற கோஸ்டரின் தொடக்க நாள். நாவல் அட்டைகளில் நீண்ட முடியோடு வரும் மாடல் ஃபாபியோ முன்வரிசையில் உட்கார்ந்து போனார். வழியில் பறந்த ஒரு வாத்து அவர் முகத்தில் மோதியது. மூக்கில் ரத்தம் வழிய அவர் இறங்கிய படம் உலகம் முழுக்கச் சுற்றியது. எல்லாரும் சிரித்தார்கள். அந்த வாத்தை யாரும் எறியவில்லை. அது தன் பாட்டுக்கு அங்கே இருந்தது, அவ்வளவுதான்.

என் நண்பனிடம் இதைச் சொன்னால் உடனே ஒரு வீடியோவைக் காட்டுவான். 2019இல் இதே ஷம்பாலாவில், முன்னால் இருந்த ஒருவரின் கைபேசி நழுவிப் பறந்து வர, பின்னால் இருந்த நியூசிலாந்துக்காரர் அதை ஒற்றைக் கையால் பிடித்தார். கோடிக்கணக்கானவர்கள் பார்த்த காட்சி. “பாத்தியா, ஒண்ணும் ஆகல.” ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்பதுதான் விஷயம். நழுவிய கணத்தில் கைபேசியும் பிடித்தவரும் ஒரே வண்டியின் வேகத்தில் போய்க்கொண்டிருந்தார்கள். இருவருக்கும் இடையிலான வேக வித்தியாசம் குறைவு. ஓடும் பஸ்ஸுக்குள் ஒருவர் எறியும் வாழைப்பழத்தை இன்னொருவர் பிடிப்பது போல. அதே பழத்தை எதிரே வரும் பஸ்ஸின் ஜன்னலோரம் இருப்பவர் பிடிக்க முடியுமா?

முடியாது என்பதற்கு ஆர்லாண்டோவில் சாட்சி இருந்தது. யுனிவர்சல் நிறுவனத்தின் ஐலண்ட்ஸ் ஆஃப் அட்வென்ச்சர் பூங்காவில் 1999இல் ட்யூலிங் டிராகன்ஸ் என்ற கோஸ்டரைத் திறந்தார்கள். இரண்டு தண்டவாளங்கள், இரண்டு வண்டிகள். ஒன்றை நோக்கி ஒன்று பாய்ந்து வந்து, மோதப்போகிற மாதிரி நெருங்கி விலகும். மிக நெருக்கமான இடத்தில் இடைவெளி ஒன்றரை அடி. உலகத்திலேயே இந்த மாதிரி வேறு இல்லை என்று கொண்டாடினார்கள். 2010இல் ஹாரி பாட்டர் பகுதி வந்தபோது பெயரை டிராகன் சேலஞ்ச் என்று மாற்றினார்கள். 2011 கோடையில் சில வார இடைவெளியில், பறந்து வந்த பொருள்கள் தாக்கிப் பயணிகள் காயப்பட்டார்கள். ஒருவர் கண்ணை இழந்தார். அந்த வருடம் அக்டோபரில் இரண்டு வண்டிகளையும் இனி எதிரெதிரே விடுவதில்லை என்று நிர்வாகம் அறிவித்தது. அதற்கப்புறம் அது இரண்டு சாதாரண கோஸ்டர்களாக ஓடி, 2017இல் மூடப்பட்டது. யாரோ ஒருவர் பையில் வைத்திருந்த ஏதோ ஒரு பொருளால் இன்னொருவருக்கு ஒரு கண் போனது. ‘என் ரிஸ்க்’ என்ற சொல்லுக்கு இங்கே என்ன அர்த்தம்?

பாக்கெட்டில் இருந்தால் விழாதே என்பது அடுத்த வாதம். நம் சட்டைப் பாக்கெட், பேண்ட் பாக்கெட் எல்லாம் நிற்கிற, நடக்கிற மனிதனுக்காகத் தைத்தவை. கீழ் என்பது எப்போதும் கீழேயே இருக்கும் என்று நம்பித் தைத்தவை. கோஸ்டர் மேட்டின் உச்சியைத் தாண்டும்போது வண்டி உங்களைக் கீழே இழுக்கிறது, உடம்போ மேலே போகப் பார்க்கிறது. உங்களைக் கம்பி பிடித்து வைத்திருக்கிறது. கைபேசிக்குக் கம்பி கிடையாது. ஒஹையோவின் சீடர் பாயிண்ட் பூங்காவில் 2018இல் வந்த ஸ்டீல் வெஞ்சன்ஸ் என்ற கோஸ்டரில் இந்த மாதிரி மிதக்கும் நேரம் மட்டும் மொத்தம் 27 விநாடிகள். கைபேசி ஒரு பாக்கெட்டை விட்டு வெளியே வர ஒரு விநாடியே அதிகம்.

*

இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி எந்தப் பலகையும் பேசுவதில்லை. விழுந்த பொருள் பிறரை அடிக்காமல் புல்தரையில் பத்திரமாகப் போய் விழுந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதற்குப் பிறகு என்ன?

நான் வேலை பார்த்த சாண்டா கிளாராவில், நம் ஆட்கள் ஆயிரக்கணக்கில் வாரக் கடைசியில் போகிற கிரேட் அமெரிக்கா பூங்காவில், 1998 செப்டம்பரில் ஒருவர் தன் மனைவியின் தொப்பியை எடுக்க வேலியைத் தாண்டிப் போனார். மேலே வந்த வண்டியில் இருந்த ஒரு பெண்ணின் கால் அவர் மீது மோதியது. அவர் இறந்தார். அந்தப் பெண்ணின் கால் உடைந்தது. 2015 ஆகஸ்டில் சீடர் பாயிண்டில், தவறவிட்ட பொருளைத் தேடி ராப்டர் கோஸ்டரின் வேலியைத் தாண்டிய ஒருவர் வண்டி மோதி இறந்தார். 2024 ஜூனில் அதே ஒஹையோவின் கிங்ஸ் ஐலண்டில், தொலைத்த சாவியைத் தேடித் தடை செய்யப்பட்ட பகுதிக்குள் போனவரை பான்ஷீ கோஸ்டர் அடித்தது. அவரும் பிழைக்கவில்லை.

இந்த மூன்று கோஸ்டர்களும் ஒரே வகை. வண்டி தண்டவாளத்தின் மேல் ஓடாது, கீழே தொங்கிக்கொண்டு ஓடும். பயணிகளின் கால்கள் காற்றில் ஆடும். கீழே புல்லில் நிற்பவருக்குத் தண்டவாளம் தலைக்கு மேலே எங்கோ உயரத்தில் தெரிகிறது. தான் ரயில் பாதையில் நிற்கிறோம் என்ற உணர்வே அவருக்கு வராது. கண் தரையில் சாவியைத் தேடிக்கொண்டிருக்கும். அவர் நிற்கும் இடம்தான் பாதை.

இந்த மூவரையும் முட்டாள்கள் என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். நான் அப்படி நினைக்கவில்லை. ஊரிலிருந்து நூறு கிலோமீட்டர் ஓட்டி வந்தவனின் கார் சாவி விழுந்துவிட்டது. மாலை ஆகிவிட்டது. குழந்தைகள் தூங்கி வழிகின்றன. அலுவலகத்தில் கேட்டால் பூங்கா மூடிய பிறகு தேடிப் பார்ப்போம், கிடைத்தால் தகவல் சொல்வோம் என்கிறார்கள். சாவி கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் கிடக்கிறது. இடையில் இடுப்பளவு வேலி. நீங்கள் என்ன செய்வீர்கள் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். நான் யோசித்தேன். என் பதில் எனக்குப் பிடிக்கவில்லை.

ஆகவே கழன்று விழும் எதுவும் வண்டியில் ஏறக் கூடாது என்ற விதியை யாராவது எதிர்த்தால் நான் நிர்வாகத்தின் பக்கம்தான் நிற்பேன். மார்பில் பட்டை போட்டுக் கட்டிய கேமரா கழலாதே, அதையாவது விடலாமே என்பவர்களிடமும் எனக்கு இரக்கமில்லை. வண்டி கிளம்புமுன் எல்லா இருக்கைகளின் கம்பிகளையும் இழுத்துப் பார்க்க அந்த ஊழியருக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைப்பதில்லை. பெரும்பாலும் கல்லூரி படிக்கிற பையன் அல்லது பெண். அந்த நேரத்தில் உங்கள் பட்டையின் கொக்கி எந்தக் கம்பெனி, எத்தனை வருடம் பழசு என்று சோதிக்கச் சொல்கிறீர்களா? சோதிக்க முடியாததை மொத்தமாகத் தடுப்பதுதான் ஒழுங்கான விதி. மென்பொருளிலும் இதையே செய்கிறோம்.

செல்ஃபி ஸ்டிக் கதை இன்னும் தெளிவு. கோஸ்டரை வடிவமைக்கும்போது நீளமான கை உள்ளவர் கையை முழுசாக நீட்டினாலும் தூணில் இடிக்காதபடி இடம் விட்டுத்தான் பாதையைப் போடுகிறார்கள். அந்தக் கணக்கில் மனிதக் கை உண்டு, கையோடு சேர்ந்த மூன்றடிக் குச்சி கிடையாது. 2015 ஜூனில் கலிஃபோர்னியா டிஸ்னியில் ஒருவர் ஓடும் கோஸ்டரில் குச்சியை நீட்ட, ரைடை நிறுத்தி ஒரு மணி நேரத்துக்கு மேல் மூடி வைத்தார்கள். அந்த மாத இறுதியில் டிஸ்னி தன் பூங்காக்களில் செல்ஃபி ஸ்டிக்கைத் தடை செய்தது.

*

இப்போது இரண்டாமவரிடம் வருகிறேன்.

விதி இத்தனை சரியானதாக இருந்தும் மக்கள் ஏன் அதை நம்புவதில்லை? என் நண்பன் இயற்பியல் தெரியாதவன் இல்லை. நானும் அவனும் படித்தது ஒரே பாடத்திட்டம். அவன் விதியை நம்பாததற்குக் காரணம், அந்த விதியால் யாருக்குக் காசு போகிறது என்பதை அவன் பார்த்திருந்தான்.

நாங்கள் இருவரும் போன ஒரு பூங்காவில் நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். வரிசையின் வாசலில் லாக்கர் இயந்திரம். ஒவ்வொரு ரைடுக்கும் தனித்தனியாகக் கார்டைத் தேய்க்க வேண்டும். நாள் முழுக்க ஐந்து ரைடு என்றால் ஐந்து தடவை. எனக்குக் கண்ணில் மைனஸ் ஆறரை பவர். கண்ணாடியோடு வரக் கூடாது, பின்பக்கம் பட்டை போட்டு இறுக்கினால் வரலாம் என்றார்கள். பட்டை எங்கே? எதிரே இருக்கிற கடையில், விலைக்கு. வீம்புக்கு வாங்காமல் ஏறினேன். பச்சையும் நீலமும் கலந்து வழிகிற ஏதோ ஒன்றுக்குள் இரண்டு நிமிடம் கத்திவிட்டு இறங்கினேன். இறங்கும் வழியில் ஒரு கவுண்டர். நாங்கள் கத்திக்கொண்டிருக்கும் படம் திரையில் ஓடுகிறது. தண்டவாளத்தின் ஓரம் பூங்கா தன் கேமராவைப் பொருத்தி வைத்திருக்கிறது. படம் வேண்டுமென்றால் அதற்குத் தனி விலை.

“உன் கேமரா ஆபத்து, என் கேமரா வியாபாரம். அவ்ளோதான் மச்சி” என்றான் அவன்.

அவன் சொன்னது தர்க்கப்படி தவறு. தூணில் நான்கு போல்ட் போட்டு முடுக்கிய கேமராவும் ஒருவர் மார்பில் தொங்கும் கேமராவும் ஒன்றல்ல. ஆனால் அந்த இடத்தில் நின்றுகொண்டு இதை அவனுக்கு விளக்க என்னால் முடியவில்லை. லாக்கருக்குக் காசு, பட்டைக்குக் காசு, படத்துக்குக் காசு என்று மூன்று கல்லாப்பெட்டிகளுக்கு நடுவில் ஒரு பாதுகாப்பு விதியை நட்டு வைத்தால், பார்க்கிறவன் அதை நான்காவது கல்லாப்பெட்டி என்றுதான் நினைப்பான்.

அப்படி நினைக்கிறவன் என்ன செய்வான்? ஒளித்து எடுத்துப் போவான். சாக்ஸுக்குள், இடுப்பில், பனியனுக்குள். விலை வைக்கப்பட்ட எல்லா விதிகளுக்கும் இதுதான் கதி. எங்கள் துறையில் தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை கடவுச்சொல்லை மாற்றியே தீர வேண்டும் என்று வருடக்கணக்கில் ஊழியர்களைப் படுத்தினோம். அவர்கள் அதை மஞ்சள் சீட்டில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டினார்கள். நாம் அவர்களைத் திட்டினோம். கடைசியில் 2017இல் அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட், இப்படி நாள் கணக்கு வைத்து மாற்றச் சொல்ல வேண்டாம் என்று தன் வழிகாட்டுதலையே திருத்தியது. மக்கள் கெட்டவர்கள் என்பதால் சீட்டு ஒட்டவில்லை. விதியின் பாரம் அவர்கள் தலையில் இருந்தது, அதை இறக்கி வைக்க ஒரு வழி கண்டுபிடித்தார்கள்.

கோஸ்டரிலும் அதேதான். பாதுகாப்புக்கு விலை வைத்தால் மக்கள் விலையைத் தவிர்ப்பார்கள், கூடவே பாதுகாப்பும் போகும். லாக்கர் கட்டணத்தால் பூங்காவுக்குச் சில்லறை வரவு. அந்தக் கட்டணத்தால் பனியனுக்குள் போன கைபேசி வந்து விழுவது மூன்றாம் மனிதர் ஒருவரின் தலையில்.

*

“நிர்வாகம் பொறுப்பல்ல” என்று எழுதுவதற்கு முன் நிர்வாகம் செய்திருக்க வேண்டியவை சில உண்டு. தொழிற்சாலைப் பாதுகாப்பு படிக்கிற எவருக்கும் முதல் வாரத்தில் ஒரு வரிசையைச் சொல்லிக்கொடுப்பார்கள். முதலில் ஆபத்தையே நீக்கப் பார். முடியாவிட்டால் ஆபத்து குறைந்த வேறொன்றை அதன் இடத்தில் வை. அதுவும் முடியாவிட்டால் வடிவமைப்பால் தடு. அதற்கும் பிறகுதான் விதி, பலகை, எச்சரிக்கை. கடைசியில் கவசம். பலகை என்பது அந்த வரிசையில் கடைசிக்கு முந்தியது. நம் பூங்காக்கள் அங்கிருந்து தொடங்கி அங்கேயே முடித்துவிடுகின்றன.

முடியாத காரியத்தை நான் கேட்கவில்லை. டிராகன்களைப் பிரித்து ஓட்டியது ஆபத்தை நீக்குவது. அதே யுனிவர்சல் பூங்காவில் 2021இல் திறந்த வெலாசிகோஸ்டரில் லாக்கருக்கு இரண்டு பக்கமும் கதவு. வரிசையில் நிற்கும் வரை கைபேசி உங்கள் கையிலேயே இருக்கும். ஏறுவதற்குச் சற்று முன் ஒரு பக்கம் வைக்கிறீர்கள், இறங்கி வந்து மறுபக்கம் எடுக்கிறீர்கள். இலவசம். 2023இல் ஃப்ளோரிடா டிஸ்னியில் வந்த ட்ரான் கோஸ்டரிலும் இதே ஏற்பாடு, இதே இலவசம். அதோடு, இருக்கையில் கண்ணாடி வைத்துக்கொள்ள ஒரு சின்ன மூடியிட்ட பெட்டி. மைனஸ் ஆறரைக்காரன் ஒருவன் அந்த வடிவமைப்புக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

இதோடு ஸ்டீல் வெஞ்சன்ஸை ஒப்பிட்டுப் பாருங்கள். அது திறந்த அடுத்த வருடம், 2019இல், வரிசைக்குள்கூடக் கைபேசி வரக் கூடாது என்று விதி போட்டார்கள். வண்டியில் பறப்பதைத் தடுக்க வேண்டும் என்ற நோக்கம் ஒன்றுதான். ஆனால் புதுக் கோஸ்டரின் நீண்ட வரிசையில், வெளியே இருக்கும் மனைவியையோ பிள்ளையையோ கூப்பிடவும் வழியில்லாமல் நிற்க வேண்டியவர் பயணி. ஒரே ஆபத்து, ஒரே தடை. ஒரு இடத்தில் பாரத்தைக் கட்டடம் சுமக்கிறது, இன்னொரு இடத்தில் மனிதன் சுமக்கிறான்.

அதனால் என் கோரிக்கைகள் எளியவை. பாதுகாப்புக்காக ஒரு பொருளைக் கீழே வைக்கச் சொன்னால், வைக்கிற இடம் அந்த ரைடின் வாசலிலேயே இருக்க வேண்டும், அதற்குக் காசு வாங்கக் கூடாது. கண்ணாடிப் பட்டையை இரவல் கொடுங்கள், இறங்கும்போது திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். பறக்கிற பொருள் பிறர் மேல் விழும் என்ற காரணத்தைப் பலகையில் எழுதுங்கள். ‘நிர்வாகம் பொறுப்பல்ல’ என்ற ஒற்றை வரி, ஆபத்து என்பது பொருளின் சொந்தக்காரனுக்கு வரும் பண நஷ்டம் மட்டுமே என்று சொல்லிக்கொடுக்கிறது. ‘என் போன், என் ரிஸ்க்’ என்ற வாதத்தை என் நண்பன் கண்டுபிடிக்கவில்லை. பலகைதான் அவனுக்குக் கற்றுத் தந்தது. கடைசியாக, விழுந்ததைத் தேடி எடுத்துத் தர ஒருவரை நியமித்து, எந்த நேரத்தில் எடுப்போம் என்று வேலியிலேயே எழுதி வையுங்கள். அன்றே கிடைக்கும் என்று தெரிந்தவன் வேலியைத் தாண்ட மாட்டான்.

இதற்கெல்லாம் செலவாகும் என்பார்கள். ஆகும்தான். பிரேக்குக்கும் செலவாகிறது. பிரேக்குக்குத் தனி டிக்கெட் போடுவதில்லையே. அதை நுழைவுக் கட்டணத்தில் சேர்த்துத்தானே வாங்குகிறீர்கள்?

இன்னொரு மறுப்பும் வரும். அம்மாவைப் பெஞ்சில் உட்கார வைத்தது உன் குடும்பம், பூங்கா இல்லை. உண்மை. வீட்டில் யார் சமைப்பது, யார் காத்திருப்பது என்று நாங்கள் பழகி வைத்திருந்ததைத்தான் அங்கேயும் செய்தோம். அந்தப் பழியை நான் மறுக்கவில்லை. ஆனால் பூங்காவும் அதை அறிந்துதான் இருக்கிறது. ரைடின் வாசலில் லாக்கர் இல்லை, அந்த இடத்தில் வரிசையாகப் பெஞ்சுகள் இருக்கின்றன. ஒவ்வொரு குடும்பத்திலும் சம்பளம் கேட்காத ஒரு லாக்கர் கூடவே வரும் என்று நம்பித்தான் அந்த இடம் அமைக்கப்பட்டிருக்கிறது. தனியாக வருகிறவன், நண்பர்களோடு வருகிறவன் கைபேசியை இடுப்பில் செருகுகிறான். குடும்பத்தோடு வருகிறவன் அம்மாவிடம் கொடுக்கிறான். இரண்டுமே அந்த லாக்கர் அங்கே இல்லாததால் நடப்பவை.

அன்றைக்கு நாங்கள் இறங்கி வந்ததும் அம்மா ஒவ்வொருவருக்கும் அவரவர் பொருளை எடுத்துக் கொடுத்தார். என் கண்ணாடியை முந்தானையில் துடைத்துத் தந்தார். “நல்லா இருந்துச்சா? மேல போறப்ப உங்கள எல்லாம் தேடிப் பாத்தேன், யாரு எங்க இருக்கீங்கன்னே தெரியல” என்றார். அப்போதாவது நான் பைகளை வாங்கிக்கொண்டு, “நீ ஒரு தடவ போயிட்டு வாம்மா, நான் இங்க இருக்கேன்” என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வரிசை ஒரு மணி நேரம், சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டிருந்தது, பையனுக்குத் தண்ணீர் ரைடுக்குப் போக வேண்டும்.

தண்ணீர் ரைடின் வாசலிலும் அதே மாதிரி ஒரு பலகை. பக்கத்தில் ஒரு பெஞ்சு. நாங்கள் கேட்பதற்கு முன்பே அம்மா போய் உட்கார்ந்து மடியை விரித்துவிட்டார்.